வெப்பம் எங்கே போகிறது?

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி போகும் சாலையில் நெடுமங்காடு, விதுரா தாண்டினால் கல்லாறு. பெயருக்கு ஏற்ற ஆறு. உருண்டு மழமழத்த பாறைகள், அவற்றினூடே சலசலக்கும் தெளிந்த தண்ணீர். பொன்முடிக்கு ஏறும் 22 கொண்டை ஊசி வளைவுகள் இந்த ஊரைக் கடந்ததும் தொடங்குகின்றன. மலை ஏறுமுன் வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் தண்ணீரில் கால் நனைக்காமல் போகிறவர்கள் குறைவு.

அந்த மேட மாதத்துக் காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கியவர் கால் நனைக்க வரவில்லை. அவர் தோளில் ஸ்க்ரூ டிரைவரும் பிரஷ்ஷும் அடங்கிய ஒரு பை. ஊரில் ஒரு சேவை மையம் இருக்கிறது. சான்றிதழ், மின்கட்டணம், ஓய்வூதிய விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் மலைப்பக்கத்து ஜனங்கள் அங்கேதான் வரவேண்டும். மையத்தின் இரண்டு கம்ப்யூட்டர்களும் மதியம் ஆனால் தாமாகவே அணைந்துவிடுகின்றன என்று தகவல் வந்திருந்தது.

சிறிய அறை. மேற்குப் பார்த்த சுவர். பெஞ்சில் நான்கைந்து முதியவர்கள். மையத்தை நடத்தும் பெண் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ஒரு ஏசி வெச்சிடலாம் சாரே. நீங்களே நல்லதா ஒண்ணு பார்த்து வாங்கித் தந்திடுங்க."

வாங்கிக் கொடுத்தால் கமிஷன் உண்டு. ஆனால் அவர் உடனே பதில் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் பெட்டியைத் திறக்கவும் இல்லை. வெளியே வந்து கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். மூன்றடி சந்து. எதிரே ஒரு வீட்டின் திறந்த ஜன்னல். உள்ளே தொட்டில் ஒன்று மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து, "பின்னாடி யார் வீடு?" என்று கேட்டார்.

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்தவர் பக்கத்து வீட்டை ஏன் விசாரிக்கிறார்?

*

அவருக்கு அறுபது நெருங்குகிறது. சொந்த ஊர் நாகர்கோவில். 1990களின் தொடக்கத்தில் பிழைப்புக்காகத் திருவனந்தபுரம் வந்தார். நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்கா என்று சொல்லப்படும் டெக்னோபார்க் 1990இல் அந்த நகரத்தில்தான் தொடங்கியது. அவருடைய தொழில்நுட்பப் பூங்கா, சாலைக் கடைவீதிக்குப் பக்கத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த எட்டடிக்கு ஆறடி அறை. அங்கே முப்பது வருடமாகக் கம்ப்யூட்டர்களைத் திறந்து மூடியிருக்கிறார்.

அவருடைய பைக் சாவி வளையத்தில் ஒரு செத்த ப்ராஸஸர் தொங்குகிறது. கேட்பவர்களிடம் "அது என் வாத்தியார்" என்பார்.

அது 2001இல் நடந்தது. ஒரு கல்லூரி மாணவனுக்காக அவனுடைய அப்பா கடன் வாங்கிக் கொடுத்த பணத்தில் ஒரு கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்துகொண்டிருந்தார். அப்போது கிடைத்த வேகமான ப்ராஸஸர்களில் ஒன்று அது. ராத்திரி பத்து மணி, அசதி. ப்ராஸஸர் மேல் உட்கார வேண்டிய அலுமினியத் துடுப்புகளையும் ஃபேனையும் இன்னும் மாட்டவில்லை. 'மானிட்டரில் எழுத்து வருகிறதா என்று ஒரு நிமிஷம் பார்த்துவிடுவோம்' என்று ஸ்விட்சைப் போட்டார். ஒரு நிமிஷமெல்லாம் ஆகவில்லை. சில விநாடிகளில் ஒரு கருகல் வாசனை. அவ்வளவுதான். இன்றைய ப்ராஸஸர்கள் சூடு எல்லை மீறினால் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அப்படியும் முடியாவிட்டால் அணைந்துவிடும். அந்த நாளைய சில ப்ராஸஸர்களுக்கு அந்தத் தற்காப்பு கிடையாது.

புது ப்ராஸஸரைத் தன் பணத்தில் வாங்கிப் போட்டார். மூன்று மாதம் வாடகை தள்ளிப்போனது. பையனிடமும் அவன் அப்பாவிடமும் எதையும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒரு கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. விரல் நகம் அளவே உள்ள ஒரு சிலிக்கான் துண்டுக்குள் அத்தனை சூடு எப்படி வந்தது?

*

புத்தகம் வாங்கிப் படித்தார். ப்ராஸஸருக்குள் இருப்பவை கோடிக்கணக்கான ஸ்விட்சுகள். ஒவ்வொன்றும் திறந்து மூடும்போது துளி மின்னேற்றம் நிரம்பி வடிகிறது. வடியும்போது அந்தச் சக்தி வெப்பமாகிறது. ஒரு ஸ்விட்சின் வெப்பம் ஒன்றுமே இல்லை. ஆனால் ஒரு கிகாஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 100 கோடித் துடிப்புகள். துடிப்பு கூடினால் வெப்பம் அதே விகிதத்தில் கூடும். வோல்டேஜ் கூடினால் அதன் இருமடிக்கு ஏற்பக் கூடும். வோல்டேஜை இரண்டு மடங்காக்கினால் வெப்பம் நான்கு மடங்கு.

கணக்குப் போடும் யந்திரம் சுடுவது புதிதல்ல. 1946இல் அமெரிக்காவில் வெளியுலகுக்குக் காட்டப்பட்ட 'எனியாக்' கம்ப்யூட்டரில் சுமார் 18,000 வால்வுகள். விநாடிக்கு 5,000 கூட்டல்கள் செய்தது. அதற்காக 150 கிலோவாட் மின்சாரத்தைச் சாப்பிட்டு அத்தனையையும் வெப்பமாகக் கக்கியது. டிரான்ஸிஸ்டரும் சிலிக்கான் சிப்பும் வந்ததும் அந்தச் சூடு மறந்துபோயிற்று. 1989இல் வந்த 486 ப்ராஸஸர் தொடக்கத்தில் ஃபேன் இல்லாமலே ஓடியது. டிரான்ஸிஸ்டர் சிறுக்கச் சிறுக்க வோல்டேஜும் குறைந்தால் சூடு கூடாது என்று 1974இலேயே ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்டும் சகாக்களும் எழுதியிருந்தார்கள். சுமார் முப்பது வருடம் அந்தக் கணக்கு தொழிலைக் காப்பாற்றியது.

1993இல் பென்டியம் வந்தபோது வேகம் 60 மெகாஹெர்ட்ஸ். 2002 முடிவதற்குள் மூன்று கிகாஹெர்ட்ஸ். ஒன்பது ஆண்டுகளில் 50 மடங்கு. இதற்கிடையில் வோல்டேஜைக் குறைப்பது நின்றுவிட்டது. குறைத்தால் ஸ்விட்ச் சரியாக மூடாது. மூடிய குழாயில் தண்ணீர் ஒழுகுவதுபோல மின்சாரம் ஒழுகும். சிப் சூடானால் ஒழுக்கு இன்னும் கூடும். ஒழுக்கு கூடினால் சூடு இன்னும் ஏறும்.

இப்படியே போனால் சிப்பின் வெப்ப அடர்த்தி முதலில் அணு உலையையும், பிறகு ராக்கெட் நாசிலையும், கடைசியில் சூரியனின் மேற்பரப்பையும் எட்டும் என்று இன்டெல் நிறுவனத்தின் பாட் கெல்சிங்கர் 2001இல் எச்சரித்தார். அது வெறும் அலங்காரப் பேச்சு இல்லை. 2004இல் வந்த 3.8 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4, 115 வாட் வெப்பம் வெளியிட்டது. சிலிக்கானின் பரப்பு சதுர சென்டிமீட்டருக்குச் சற்றே அதிகம். 750 வாட் இஸ்திரிப் பெட்டியின் அடித்தகட்டில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஐந்து வாட் என்று வைத்துக்கொண்டால், ப்ராஸஸர் அதைப் போல இருபது மடங்கு. இஸ்திரிப் பெட்டி சுடுவதற்காகவே செய்யப்பட்டது. ப்ராஸஸரோ நூறு டிகிரியை நெருங்கினாலே திணறும்.

அந்த ஆண்டுதான் ஓட்டப்பந்தயம் முடிந்தது. பென்டியம் 4இன் அடுத்த வாரிசாக இன்டெல் வளர்த்துக்கொண்டிருந்த ப்ராஸஸரை 2004 மே மாதம் கைவிட்டது. சூடும் மின்செலவும் முக்கியக் காரணங்கள் என்று அப்போதே பேசப்பட்டது. அதன் பெயர் 'தேஜஸ்'. அதன்பின் ஒரே சிப்பில் இரண்டு, நான்கு, எட்டு என்று மூளைகளை அடுக்கினார்கள். வேகம் மட்டும் இருபது வருடத்தில் இரண்டு மடங்குகூட ஆகவில்லை. சந்தையில் உள்ள அதிவேக ப்ராஸஸர்களும் ஆறு கிகாஹெர்ட்ஸைச் சில கணங்களுக்குத்தான் தொட முடிகிறது. அவற்றைத் தடுத்து நிறுத்துவது வெப்பம்.

*

கடைக்கு வந்த பெட்டிகள் அவருக்கு மீதிப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தன.

சிலிக்கானிலிருந்து வெப்பம் வெளியேறும் வழி ஒரு சங்கிலி. சிலிக்கான், அதன்மேல் ஒரு பசை, உலோக மூடி, மறுபடி பசை, அலுமினியத் துடுப்புகள், ஃபேன் தள்ளும் காற்று, அறை. எந்தக் கண்ணி பழுதானாலும் சங்கிலி அறுந்தது. பசை வெப்பத்தை நன்றாகக் கடத்தும் என்று நினைத்து வெண்ணெய் போல அப்புகிறவர்கள் உண்டு. உண்மையில் செம்போடு ஒப்பிட்டால் பசை மோசமான கடத்தி. இரண்டு உலோகப் பரப்புகளுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் காற்று நிற்கும். காற்று பசையைவிட மிக மோசம். அந்தக் காற்றை விரட்டத்தான் பசை. தோசைக் கல்லில் எண்ணெய் தேய்ப்பது போல மெல்லிசாகப் பூசினால் போதும்.

அடுத்த எதிரி தூசு. துடுப்புகளுக்கு இடையே அது கம்பளி போலப் படிந்துவிடும். ஒரு அச்சகத்திலிருந்து வந்த பெட்டியில் காகிதத் தூசு கெட்டித்து, ஃபேன் சுழன்றும் காற்று நுழைய வழியில்லாமல் இருந்தது. அவர் ஒரு பிரஷ்ஷை எடுத்துப் பத்து நிமிஷம் வேலை செய்தார். 'வைரஸ்' என்று மூன்று இடத்தில் காட்டப்பட்ட கம்ப்யூட்டர் அது.

மூன்றாவது எதிரி நம் ஊர். துடுப்பும் ஃபேனும் ப்ராஸஸரை அறையின் சூட்டுக்குக் கீழே கொண்டுபோக முடியாது. ஒரு வாட்டுக்கு அரை டிகிரி ஏறும் அமைப்பு என்று வைத்துக்கொள்வோம். 80 வாட் ப்ராஸஸர் அறையைவிட 40 டிகிரி அதிகச் சூட்டில் இருக்கும். அறை 27 டிகிரி என்றால் ப்ராஸஸர் 67. அறை 38 என்றால் 78. குளிர்நாட்டு மேஜைக்காக வடிவமைத்த பெட்டி, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே டி.டி.பி. சென்டரில் உட்கார்ந்தால் எப்படித் தாங்கும்? அதனால்தான் அந்த நாட்களில் பாதிக் கடைகளில் பெட்டியின் பக்கத்துத் தகட்டைக் கழற்றி வைத்து, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். டைப் செய்கிறவர் வியர்த்து வழிய, யந்திரத்துக்குக் காற்று.

மூன்று பாடங்களிலிருந்தும் அவருக்குக் கிடைத்தது ஒரே வரி. வெப்பத்தை அழிக்க முடியாது. இடம் மாற்றத்தான் முடியும். அந்த வரியின் முழு அர்த்தம் புரிய இன்னொரு கோடைக்காலம் தேவைப்பட்டது.

*

2006 ஏப்ரல். ஒரு கணக்கு அலுவலகம் எட்டு கம்ப்யூட்டர்களும் ஒரு சர்வரும் வாங்கியது. இடம் சாலைப் பகுதியில் ஒரு குறுகிய சந்து. ஏசி எங்கே வைப்பது, அதன் வெளி யூனிட்டை எங்கே மாட்டுவது என்று படம் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். குழாய் நீளம் குறைவாக இருக்க வேண்டும், செலவு குறையும். பின்பக்கச் சுவர் வசதியாக இருந்தது. மாட்டினார்கள். அறை 22 டிகிரியில் நின்றது. சர்வர் ஒருநாளும் முனகவில்லை. அலுவலகத்தார் கைகுலுக்கிப் பாராட்டினார்கள்.

இரண்டு வாரம் கழித்துப் பராமரிப்புக்குப் போனபோது சந்தில் ஒரு பாட்டி வழிமறித்தார். பின்வீட்டில் தனியாக இருப்பவர். அவரும் நாகர்கோவில் பக்கம்தான்.

"தம்பி, இதை மாட்டினது நீங்கதானே?"

"ஆமா பாட்டி."

"கொஞ்சம் உள்ள வந்து பாருங்க."

சமையலறை. ஒரே ஜன்னல். அதற்கு நேர் எதிரே வெளி யூனிட்டின் பெரிய விசிறி. ஜன்னல் வழியே அனல் அடித்தது. மூடினால் புழுக்கம்.

"உங்க பெட்டி குளுந்து கிடக்கு. நான் வெந்து கிடக்கேன். அதைக் கொஞ்சம் திருப்பி வைக்கப்படாதா?"

பாட்டி கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அலுவலகத்தில் கேட்டார். குழாயை மொட்டை மாடிவரை நீட்ட வேண்டும், செலவு யார் தருவது என்றார்கள். 'இது நம் இடத்துக்குள்தானே இருக்கிறது' என்றார்கள். அவர் மேற்கொண்டு பேசவில்லை. வருடாந்தர ஒப்பந்தம் அந்த மாதம்தான் கையெழுத்தாக வேண்டியிருந்தது. பாட்டியிடம், "சொல்லியிருக்கேன், பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தார். அதன்பின் அந்தச் சந்தில் தலையைக் குனிந்துகொண்டே போய்வந்தார்.

அடுத்த வருடம் கோடையில் அந்த ஜன்னல் மூடியிருந்தது. பாட்டி மகள் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். ஏசியால்தான் போனார் என்று யாரும் சொல்லவில்லை. வயது, தனிமை, எத்தனையோ காரணம் இருக்கலாம். ஆனாலும் அந்த மூடிய ஜன்னல் அவர் மனசில் மூடாமல் இருக்கிறது.

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிறது. கொட்டுவதற்குச் செலவாகும் மின்சாரமும் வெப்பமாகி அதனோடு சேர்ந்துகொள்கிறது. உள்ளே மூன்று பங்கு வெப்பத்தை அகற்றினால் வெளியே சுமார் நான்கு பங்கு வந்து விழும். கம்ப்யூட்டரிலிருந்து அறைக்கு, அறையிலிருந்து சந்துக்கு, சந்திலிருந்து பாட்டியின் அடுப்படிக்கு. சங்கிலியின் கடைசிக் கண்ணி ஒரு மனுஷியாக இருக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை.

*

அவர் கடையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், தும்பாவில் உள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில், 2011 மே மாதம் 'சாகா-220' சூப்பர் கம்ப்யூட்டர் இயங்கத் தொடங்கியது. ராக்கெட்டைச் சுற்றிக் காற்று எப்படி ஓடும் என்பதைக் கணக்கிடுவது அதன் முக்கிய வேலை. விநாடிக்கு 220 லட்சம் கோடிக் கணக்குகள். பத்திரிகையில் படித்தபோது அவர் கண் தேடியது வேறொரு எண்ணை. மின்சாரம் சுமார் 150 கிலோவாட்.

1946இன் எனியாக்கும் 150 கிலோவாட்தான். 65 வருடத்தில் அதே சூட்டுக்குக் கிடைத்த வேலை நம்ப முடியாத அளவு பெருகியிருக்கிறது. பொறியாளர்களின் சாதனை அது. ஆனால் மிச்சமான சூட்டை மனிதர்கள் மிச்சம் வைப்பதில்லை. இன்னும் பெரிய கணக்கைக் கொண்டுவந்து நிரப்பிவிடுகிறார்கள். செயற்கை நுண்ணறிவுக்கு ஓடும் சிப்களில் ஒன்றே 700 வாட் எடுக்கிறது. அப்படிப்பட்டவற்றை ஆயிரக்கணக்கில் அடுக்கும்போது காற்று கைவிரித்துவிடுகிறது. ஒரு லிட்டர் காற்று சுமக்கும் வெப்பத்தைப் போல ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 3,500 மடங்கு சுமக்கும். எனவே குழாயில் திரவத்தைச் சிப்பின் தலைமேலேயே ஓடவிடுகிறார்கள். 2022இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் நிறுவப்பட்ட 'பரம் பிரவேகா' அப்படித்தான் குளிர்கிறது.

கல்லாறு போகும் வழியில், நெடுமங்காட்டுக்குப் பக்கத்தில் வலியமலை இருக்கிறது. இஸ்ரோவின் திரவ உந்துவிசை மையம் அங்கே. அந்த மையம் வடிவமைத்த சி.இ.-20 கிரையோஜெனிக் எஞ்சினில், எரிபொருளாகிய திரவ ஹைட்ரஜனை முதலில் எஞ்சின் சுவருக்குள் நுண்ணிய வழிகளில் ஓடவிட்டுச் சுவரைக் குளிரவைத்து, பிறகுதான் எரிக்கிறார்கள். சுவரிலிருந்து எடுத்த வெப்பமும் வீணாவதில்லை. ராக்கெட் நாசிலோடு சிப்பை ஒப்பிட்ட கெல்சிங்கர் இந்த வழியைப் பார்த்திருந்தால் ரசித்திருப்பார் என்று அவர் நினைத்துக்கொள்வார். ஆனால் சிப்பின் வெப்பத்துக்கு அப்படி ஒரு நல்ல கதி நம் ஊரில் இல்லை. டென்மார்க்கின் ஓடென்ஸ நகரில் டேட்டா சென்டரின் வெப்பத்தைக் குழாயில் அனுப்பி வீடுகளைக் கதகதப்பாக்குகிறார்கள். சித்திரை வெயிலில் யாருக்கு வேண்டும் கதகதப்பு?

அவருடைய மகள் சென்னைக்கு வெளியே ஒரு டேட்டா சென்டரில் குளிர்விக்கும் பிரிவில் எஞ்சினியர். அப்பாவிடம் கற்ற தொழிலின் நீட்சி என்று வீட்டில் எல்லோருக்கும் பெருமை. வேலையில் சேர்ந்த புதிதில் போனில் ஒரு உரையாடல்.

"சூடு எல்லாம் எங்க போவுது மக்களே?"

"தண்ணி எடுத்துட்டுப் போவும்ப்பா. மேல கூலிங் டவர் இருக்கு. அங்க கொஞ்சம் தண்ணி ஆவியாகும்; மீதி குளுந்து திரும்ப வரும். நம்ம மண்பானை மாதிரிதான்."

"எவ்வளவு தண்ணி ஆவியாவும்?"

மகள் கணக்குச் சொன்னாள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் யூனிட் மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு இணையான வெப்பத்தைக் கொண்டுபோகும். ஒரு மெகாவாட் கம்ப்யூட்டர்களின் வெப்பம் முழுவதையும் இப்படி அகற்றினால் மணிக்கு 1,500 லிட்டர். நாளைக்கு 36,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரிகள் மூன்று. 20 மெகாவாட் என்றால் அறுபது லாரி.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றியதும், ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டரோடு முதல் தண்ணீர் ரயில் வந்ததும் இருவருக்கும் நினைவிருந்தது. அந்த ரயில் முழுவதும் 20 மெகாவாட்டுக்கு மூன்றரை நாள் காணாது.

"எல்லா இடத்திலயும் இப்படி இல்லப்பா. சில இடத்துல கழிவுநீரைச் சுத்திகரிச்சு எடுக்கறாங்க. சில இடத்துல தண்ணியே வேண்டாம்னு காத்துல ஆத்தறாங்க. ஆனா அதுக்குக் கரண்ட் கூட ஆவும்."

"கரண்டோ தண்ணியோ, யாராவது கொடுத்துதானே ஆவணும்" என்றார் அவர். பிறகு, "நீ எங்க நிக்கிறியோ அங்க நின்னு பின்பக்கம் ஒரு தடவை எட்டிப் பாரு மக்களே. அது போதும்" என்றார். பாட்டியின் கதையை மகளுக்கு அன்றுதான் முதல்முதலாகச் சொன்னார்.

*

கல்லாற்றுச் சேவை மையத்தில் அவர் பெட்டிகளைத் திறந்தபோது நினைத்தபடியே தூசு. ஒரு பெட்டியில் சிலந்திக் கூடு. பசை காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது. துடைத்து, புதிதாகப் பூசி, ஃபேனுக்கு எண்ணெய் விட்டார். மேஜைகளை வெயில் தாக்கும் மேற்குச் சுவரிலிருந்து கிழக்குப் பக்கம் நகர்த்தச் சொன்னார். பெட்டிகள் சுவரோடு ஒட்டி மூச்சு முட்டிக்கொண்டிருந்தன. ஒரு முழம் முன்னே இழுத்துவைத்தார். ஜன்னலுக்கு மேலே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், அதுவும் சந்தைப் பார்க்காமல் சாலையைப் பார்த்து.

"அப்போ ஏசி?" என்றார் அந்தப் பெண். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். நியாயம்தான். நாள் முழுக்க அந்த அறையில் உட்காருகிறவர் அவர், வியர்ப்பதும் அவருக்குத்தான்.

அவர் அதை யோசிக்காமல் இல்லை. விளக்கிச் சொன்னார். இந்த இரண்டு பழைய பெட்டிகளும் சேர்ந்து 300 வாட்டுக்குமேல் எடுக்கின்றன. விண்ணப்பம் நிரப்பவும் பிரிண்ட் எடுக்கவும் அத்தனை சக்தி தேவையே இல்லை. கையடக்கமான சிறிய கம்ப்யூட்டர்கள் வந்துவிட்டன. ஒன்று பதினைந்து, இருபது வாட்டில் ஓடும். ஏசிக்கு ஒதுக்கிய பணத்தில் அவற்றை வாங்கினால் அறைக்குள் சூடு உண்டாவதே குறையும்; அறையில் இருப்பவர்களுக்கும் நல்லது; கரண்ட் பில்லும் இறங்கும். அதன் பிறகும் ஏசி வேண்டும் என்றால் சின்னதாக ஒன்று போதும். வெளி யூனிட்டைக் கூரைக்கு மேலே மாட்டித் தருவதற்குத் தானே வருவதாகச் சொன்னார்.

சூட்டை எங்கே தள்ளுவது என்று யோசிப்பதற்கு முன்னால் அத்தனை சூடு வேண்டுமா என்று யோசிப்பது. இந்த முப்பது வருடத்தில் அவர் கண்ட பாடம் இவ்வளவுதான். திருவனந்தபுரத்தில் உள்ள சி-டாக் மையத்து ஆட்கள் 'வேகா' என்ற ப்ராஸஸர் வரிசையை உருவாக்கியிருக்கிறார்கள். அதில் ஒன்றை வைத்துச் செய்த சிப்பின் பெயர் 'தேஜஸ்32'. வேகம் 100 மெகாஹெர்ட்ஸ்தான். துடுப்பு வேண்டாம், ஃபேன் வேண்டாம். மீட்டருக்கும் மோட்டாருக்கும் சென்சாருக்கும் அது போதும். சூட்டைத் தாங்காமல் அமெரிக்காவில் பிறக்காமலே போன தேஜஸையும், விரல் வைத்துத் தொடக்கூடிய இந்தத் தேஜஸையும் சேர்த்து நினைத்தால் அவருக்குச் சிரிப்பு வரும். ராக்கெட்டுக்குச் சாகா வேண்டும். மின்கட்டணம் வாங்க வேண்டாம்.

கமிஷன் போயிற்று. சர்வீஸ் சார்ஜ் வாங்கிக்கொண்டு கிளம்பினார். திரும்பும் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. ஆற்றில் இறங்கி ஒரு பாறையில் உட்கார்ந்து காலை நீட்டினார். தண்ணீர் ஜில்லென்று இருந்தது. காலின் சூட்டை வாங்கிக்கொண்டு அது கீழே ஓடியது. கல்லாறு வாமனபுரம் ஆற்றின் மேல்பகுதி. கீழே எத்தனையோ ஊர்கள் அதைக் குடிக்கின்றன. விதுராவிலேயே இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கும் 'பத்மநாபா' என்று ஒரு கம்ப்யூட்டர் தொகுப்பு ராப்பகலாக ஓடுகிறது. அதன் வெப்பமும் இந்த மலைக்காற்றில்தான் கலக்கிறது. காலின் சூடும் அந்தச் சூடும் இந்த மலைக்கும் ஆற்றுக்கும் இன்றைக்கு ஒரு பொருட்டில்லை. ஆனால் 'இவ்வளவுதானே' என்று நினைத்துத்தான் அவரும் அந்தச் சந்தில் படம் போட்டுக் கொடுத்தார்.

பஸ் வரும் சத்தம் கேட்டது. எழுந்து சாலைக்கு ஏறும்போது சேவை மையத்தின் பின்வீட்டை ஒருமுறை பார்த்தார். ஜன்னல் திறந்தே இருந்தது.